மகாராணி அழிக்கும் பாட்டுகள்

தம்பி மோடத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டு வாய்க்குள் பத்து வரை எண்ணினான். அக்கா சாப்பாட்டு மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவனுடைய லேப்டாப்பும் போனும் நடுவில் கிடந்தன, காப்பியடித்து மாட்டிக்கொண்ட இரண்டு பையன்களைத் தனித்தனியாக விசாரிக்க உட்கார வைத்ததுபோல. லேப்டாப்பில் இருந்த பாட்டு போனில் இல்லை. நேற்று போனில் இருந்தது இன்றைக்கு இரண்டிலும் இல்லை. கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே நுழைந்து பார்த்துவிட்டான். செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றியும் பார்த்துவிட்டான். தன் வீட்டு நெட்டில்தான் கோளாறு என்று இப்போது எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்திருந்தான்.

"நாளைக்குக் கோர்ட்டுல கையெழுத்து. தொரை இன்னைக்கு லீவு போட்டுட்டு பாட்டு ரிப்பேர் பண்றாரு."

"அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது. கல்யாணமான ஏழு வருடத்தில் அவனும் அவன் மனைவியுமாகச் சேர்த்த பாட்டுகள் அவை. அவன் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்த்தான். முகம் தெரியாத ஆட்களின் ஈறுகளை பிளாஸ்டர் மாவில் வார்த்து, நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து பல் வைப்பான். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொள்வார்கள். அக்கா போகும்போதெல்லாம் அந்தக் கோலத்தில்தான் பார்த்திருக்கிறாள். அவளுக்காக ஒருத்தரும் இயர்போனைக் கழற்றியதில்லை. பிறகு ஒருநாள் மனைவி இரண்டு பெட்டிகளோடு கிளம்பிப் போனாள். சண்டை எதுவும் நடக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "போதும்" என்று மட்டும் சொன்னாளாம். ஒன்றரை வருடமாகத் தம்பி அந்த ஒரு வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு வழி செய்துவிட வேண்டும் என்று வக்கீலைப் பார்த்தது, நாள் குறித்தது, வேறு பெண் தேட ஆரம்பித்தது எல்லாம் அக்காதான்.

"கஸ்டமர் கேர்ல, எந்தெந்தக் கருவி சேர்ந்திருக்குன்னு பாக்கச் சொன்னான்," என்று முனகியபடி ஒயரைத் திரும்பச் செருகி எதையோ திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். திரையில் மூன்று பெயர்கள் இருந்தன. அவனுடைய லேப்டாப், அவனுடைய போன், மூன்றாவதாக 'மகாராணி'.

"அவ போனுக்கா. நான்தான் அந்தப் பேரு வச்சேன்." குரல் இறங்கிப்போயிருந்தது. "நேத்து சாயங்காலம் நாப்பது பாட்டு அழிச்சிருக்கா. அதுக்கு முன்னாடி சனிக்கிழமை."

பிறகு சிரிக்க ஆரம்பித்தான். "ஒரு கோளாறும் இல்லக்கா. அவ அழிக்கிறா, எனக்கும் அழியுது, அவ்வளவுதான். ஒவ்வொண்ணா கேட்டுட்டு அழிக்கிறா போல. இவ்வளவு நாளா கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கா!"

அக்காவின் கத்தி பீன்ஸின் மேல் நின்றது. அந்த போன் அக்கா நடத்தும் பியூட்டி பார்லரில், கண்ணாடிக்குக் கீழே, பஞ்சு டப்பாவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. தம்பியின் மனைவி வீட்டை விட்டுப் போன அதே வாரத்தில் அவன் வீட்டைச் சுத்தம் செய்யப் போனபோது அலமாரியில் கிடந்தது. பூட்டுகூடப் போட்டிருக்கவில்லை. புதுசு வாங்கிக்கொண்டு பழசைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள், வீணாகக் கிடப்பானேன் என்று எடுத்து வந்துவிட்டாள். பெண்கள் மட்டும் வரும் பார்லர். தம்பி அதன் வாசலைத் தாண்டியதே இல்லை. புருவம் திருத்தும்போது அதில் பாட்டு ஓடும். வாடிக்கையாளர்களின் கொண்டையை அதிலேயே வீடியோ எடுப்பாள். இடம் போதவில்லை, இவற்றை அழிக்கலாமா என்று போன் கேட்கும். எதை என்று படித்துப் பார்க்காமலே சரி என்று தட்டிவிடுவாள்.

'அந்த போன் என்கிட்டதாண்டா இருக்கு.' தொண்டை வரை வந்துவிட்டது.

"நான் நாளைக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்கா," என்றான் தம்பி.

அவன் முகத்தைப் பார்த்தாள். இந்த ஒன்றரை வருடத்தில் அவள் எத்தனை ஆக்கிப் போட்டும், துவைத்துப் போட்டும், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் வராத வெளிச்சம் அதில் வந்திருந்தது. எவளோ அழித்தாள் என்பதற்காக வந்த வெளிச்சம். அக்கா நறுக்கிய பீன்ஸை வழித்துத் தட்டில் போட்டாள். அவள் தொழிலில் ஒன்று தெரியும். நூலை மெதுவாக இழுத்தால் வலி அதிகம், ஒரே சுண்டில் முடித்துவிட வேண்டும்.

மதியம் பார்லர் கதவில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பிவிட்டு போனை எடுத்தாள். எல்லாப் பாட்டுகளையும் தேர்ந்தெடுத்தாள். 'எல்லாக் கருவிகளிலிருந்தும் நிரந்தரமாக அழிந்துவிடும். தொடரவா?' என்று அது கேட்டது. இந்த முறை முழுவதும் படித்தாள். தட்டினாள். திரையில் ஒரு நீலக் கோடு நிதானமாக வளர்ந்தது. அது முடிவதற்குள் சீப்புகளை எல்லாம் கழுவித் துடைத்துவிட்டாள்.

மறுநாள் கோர்ட் மாடியில் அவனுக்காகக் காத்திருந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு வருவான் என்று கைப்பையில் கைக்குட்டை இரண்டு வைத்திருந்தாள். அந்த மகாராணி போனும் பையில்தான் இருந்தது. வழியில் ஏதாவது குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம் என்று எடுத்து வந்தது. எந்தத் தொட்டியைப் பார்த்தாலும் பக்கத்தில் யாராவது நின்றார்கள். தம்பி சவரம் செய்து, தேய்த்த சட்டையில் வந்தான்.

"ஒண்ணு பாக்கியில்லக்கா. ஒரேயடியா துடைச்சிட்டா."

"இப்பவாவது புரிஞ்சுதா?"

"எவ்வளவு கோவம் பாரு! வேணாம்னு போறவளுக்கு எதுக்குக்கா இவ்வளவு கோவம்?" கண்கள் மின்னின. "ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"டேய், நில்லுடா..."

அதற்குள் அவன் தாழ்வாரத்தின் பாதியைத் தாண்டிவிட்டான். அக்கா ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனாள். மனைவி ஜன்னலோரம் தனியாக நின்று ஏதோ காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அது அவளுக்கு நன்றாகவும் இருந்தது.

"நம்ம பாட்டையெல்லாம் நேத்து எதுக்கு அழிச்ச?"

"எந்தப் பாட்டு?"

"மகாராணி போன்ல இருந்ததெல்லாம்."

"அந்த போனை நான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். அவன் தோளுக்கு மேலாக அவள் பார்வை வந்து, கைப்பையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்து நின்ற அக்காவின் மேல் விழுந்தது. போனை விட்டுவந்த அந்த வீட்டின் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பையைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆமா, நான்தான் அழிச்சேன்."

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணாவது கேட்டியா?"

"இல்லங்க. இடத்தை அடைச்சிக்கிட்டு இருந்துச்சு. அதான்."

தம்பி தலையை ஆட்டினான். கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொன்னால் ஆட்டுவோமே, அப்படி. உள்ளே கூப்பிட்டார்கள். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான். எழுதி முடித்த பேனாவைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு எழுந்தவனை, "சார், பேனா," என்று குமாஸ்தா கூப்பிட வேண்டியிருந்தது.

வெளியே வந்தபோது மனைவி அக்காவைக் கடந்து போனாள். போகிற போக்கில், உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரிப்பதுபோல நின்று கேட்டாள்.

"போன் நல்லா ஓடுதா, அண்ணி?"

பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

தம்பி வந்து பக்கத்தில் நின்றான். "நீ சொன்னதுதாங்கா சரி," என்றான். "நான்தான் என்னென்னவோ நெனச்சுக்கிட்டேன். நீ பாத்து வச்சிருக்கிற பொண்ணு வீட்டுக்கு எப்பப் போகலாம்னு சொல்லு, வரேன்." இத்தனை மாதமாக அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகள். ஒன்றுகூடக் குறையாமல் சொன்னான்.

படிகள் செங்குத்தாக இருந்தன. "பையைக் குடு, முட்டி வலியோட சுமந்துக்கிட்டு..." என்று அவன் கைப்பையை உருவித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். வேண்டாம் என்பதற்குள் நான்கு படி இறங்கிவிட்டான். படிக்குப் படி பை அவன் இடுப்பில் இடித்தது. போனை அணைத்தோமா இல்லையா என்று அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

படி திரும்பும் இடத்தில் அவன் நின்றான். வெயில் அவன் முகத்தில் பாதியில் விழுந்தது. நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"தண்ணி வச்சிருக்கியாக்கா?" என்று கேட்டபடியே ஜிப்பில் கையை வைத்தான். அக்கா மேல் படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.