கப்பல் இல்லாத இருபது நிமிடம்

தூக்குப்பாலத்துக்கு நூறு வயது. அதன் வரலாறு நான்கு மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பால அலுவலகத்தில் அதை எழுதுகிறவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசி வரியைப் பெருமையாக எழுதியிருந்தாள்: "காரணமின்றி ஒருமுறைகூட இந்தப் பாலம் தூக்கப்பட்டதில்லை." மை காய்வதற்குள் பழைய பதிவேடு காலை வாரிவிட்டது.

நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு திங்கட்கிழமை. காலை ஒன்பது பத்துக்குப் பாலத்தைத் தூக்கி ஒன்பதரைக்கு இறக்கியிருக்கிறார்கள். கப்பல் பெயர் எழுதும் கட்டத்தில் வெறும் கோடு. கையெழுத்து, அப்போது பாலத்தை இயக்கிய அவளுடைய அப்பாவுடையது. ஒரு நிமிடம் பிந்தினாலும் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிற மனிதர்! வரியை அடித்தால் செத்தவர் பெயர் கெடும், விட்டால் பொய். கடைசி வரியை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, அரக்கப்பரக்க அம்மாவிடம் ஓடினாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை.

"கப்பல் ஏதுடி? நான்தான் பெட்டியத் தூக்கிட்டு, உன்னை இடுப்புல வெச்சுக்கிட்டு அக்கரைக்குக் கெளம்பினேன். பாலமே கதின்னு கெடந்தாரு உங்கப்பா. வீட்ல ஒரு வார்த்தை கெடையாது. நான் பஸ்ல ஏறினதப் பாத்துட்டாரு, தூக்கிட்டாரு. நான் எறங்கி நின்னு பாத்தேன், ஆத்துல ஒரு ஓடம்கூட இல்ல."

"அதனாலதான் நின்னுட்டியா?"

"பாலம் எறங்குச்சு, பஸ்ஸும் கெளம்புச்சு. நான்தான் ஏறல. ஊரே ஹாரன் அடிச்சுத் திட்டுது, மனுஷன் பாலத்து ரூம் ஜன்னல்ல நின்னு என்னையே பாத்துட்டிருந்தாரு. விட்டுட்டுப் போக மனசு வரல. அவர் என்னவோ பாலம்தான் என்னை நிறுத்துச்சுன்னு நெனச்சுட்டாரு. தெனமும் வந்ததும் செருப்பக்கூடக் கழட்டாம அலமாரி மேல பாப்பாரே, ஞாபகம் இருக்கா?"

"கடிகாரத்தப் பாப்பாரு."

"பெட்டி இருக்கான்னு பாப்பாரு."

அவளுக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. "ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா. காலம் பூரா பயந்துட்டே இருந்திருக்காரே!"

"அவர் கேக்கவே இல்லையே," என்றாள் அம்மா. மடித்த துண்டையே மறுபடி பிரித்து மடித்தாள்.

கைபேசி அலறியது. அச்சகத்துக்காரர். "மேடம், கடைசி வரி அப்படியே போடலாமா?"

அவள் அலமாரி மேல் பார்த்தாள். பெட்டி இருந்தது.

"போடுங்க," என்றாள். "காரணம் இல்லாமத் தூக்கினதில்ல."