திருநிறைச்செல்வன் ரூம் லைட்

கல்யாணத்துக்காக ஒரு பழைய காருக்குப் புது சீட் போட்டால், அந்தக் காரின் ரூம் லைட்டுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டும். பாளையங்கோட்டையில் இது எல்லோருக்கும் தெரியும். ஆவுடையப்பனுக்கும் தெரியும். ஆனால் தங்கை கல்யாணத்தில் தலைக்கு மேல் வேலை கிடந்ததால், லைட்டுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

ஆகவே லைட் எரியவில்லை.

கார் 1957ஆம் வருஷத்து மாடல், கறுப்பு. அந்தத் தெருவில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் இந்தக் கார்தான். போன வருஷம் யாரோ ஒரு மாப்பிள்ளைக்குப் பின்சீட்டு ஸ்பிரிங் குத்தி வேட்டி கிழிந்துவிட்டது. அதைக் கேள்விப்பட்ட மாப்பிள்ளை பிரமநாயகத்தின் வீட்டார், எங்கள் பையன் உட்கார வேண்டுமானால் புது சீட் வேண்டும் என்று நிச்சயதார்த்தத்தன்றே சொல்லிவிட்டார்கள். ஆவுடையப்பனும் ஒரு புது மாடல் வண்டியிலிருந்து கழற்றிய சீட்டுகளை வாங்கி மாட்டினார். சீட்டுக்கு அடியில் ஒயர்கள் தொங்கின. ஆள் உட்கார்ந்ததும் லைட் எரிகிற மாதிரி அவற்றை இணைத்துத் தருவதாக எலக்ட்ரீஷியன் ஞானதுரை ஏற்றுக்கொண்டிருந்தார்.

காலை பத்து மணிக்கு ஞானதுரை காருக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"அண்ணாச்சி, வண்டி ப்ளஸ் எர்த்து, சீட்டு மைனஸ் எர்த்து. பேட்டரியோட எந்த ஒயர பாடியில மாட்டுறதுங்கிறதுல ரெண்டு குடும்பத்துக்கும் வழக்கம் வேற வேற. அதை நான் பேசிச் சரிபண்ணிட்டேன். ஆனா கரண்டு பல்பு வாசப்படி வரைக்கும் வந்து நிக்கி. உள்ள வரமாட்டேங்கு."

"ஏன்?"

"பத்திரிகைய நேர்லயா வச்சீய?"

ஆவுடையப்பன் போனை எடுத்துப் பார்த்தார். இரண்டு டிக்கும் நீலமாக இருந்தன. மூன்று நாளைக்கு முன்பே லைட் பார்த்துவிட்டது. பதில் போடவில்லை.

தங்கை கோமுவுக்கு இது மூன்றாவது சம்பந்தம். முதல் சம்பந்தம் ஒரு சித்தப்பாவின் இனிஷியல் தப்பாக விழுந்ததில் நின்றது. இரண்டாவது, பத்திரிகையை அத்தை கையில் தராமல் ஜன்னல் வழியாகப் போட்டதில் நின்றது. இப்போது இது. சாயங்காலம் ஆறு மணி ஊர்வலத்தில், குறைந்தது பதினைந்து வீட்டார் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் அவர் மாப்பிள்ளை இல்லை. ஏழு மணி ரயிலில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். கார்த்திகை மாதம், ஆறு மணிக்கே இருட்டிவிடும். லைட் எரியாவிட்டால் கோமுவின் கல்யாணம் இந்தத் தடவையும் நடக்காது.

ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் எடுத்துவைத்தார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காருக்குள் ஏறினார். குனிந்த முதுகோடு தட்டைக் கூரையை நோக்கி நீட்டினார்.

"குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்" என்றார்.

பத்திரிகையைப் படிக்க வேண்டுமானால் லைட் எரிந்துதான் ஆக வேண்டும். எரிந்தது. மங்கலாக, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படிக்கிற ஒருவரைப் போல, மேலிருந்து கீழே வரி வரியாகப் படித்தது. "தங்கள் நல்வரவை நாடும்" என்ற இடத்துக்கு வந்ததும் படக்கென்று அணைந்தது.

ஞானதுரை பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். "ஹார்ன் பேரு மேல இருக்கு. ரூம் லைட்டு பேரு கீழ இருக்கு."

"அதுக்கென்ன?"

"அண்ணாச்சி, லைட்டு வண்டியோட பொறந்தது. ஹார்ன் எழுபத்தி நாலுல மாத்துனது. நேத்து வந்தவன் பேரை மேல போட்டா யாருக்குத்தான் மனசு கேக்கும்?"

பெயர்களை யார் அதிகமாகச் சத்தம் போட்டார்களோ அந்த வரிசையில்தான் ஆவுடையப்பன் போட்டிருந்தார். எல்லாக் குடும்பத்திலும் அப்படித்தான் போடுகிறார்கள். அதைச் சொல்லி இப்போது என்ன ஆகப்போகிறது? சைக்கிளை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனார். அச்சகக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ரூம் லைட்டு பேரை எல்லாருக்கும் மேல போடணும்" என்றார் ஆவுடையப்பன். வெயிலிலும் எரிச்சலிலும் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"எல்லாருக்கும் மேலயா?"

"எல்லாருக்கும்னா எல்லாருக்கும்தாம் ஓய். தமிழ்லதானே சொல்லுதேன்?"

அச்சகக்காரர் மோர் சோற்றை முடித்துவிட்டுக் கை கழுவினார். ஐந்து மணிக்கு ஈரம் காயாத பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்தது. பிரித்துப் பார்க்க ஆவுடையப்பனுக்கு நேரமில்லை. மேலிருந்து ஒன்றை உருவித் தட்டில் வைத்து, மறுபடியும் செருப்பைக் கழற்றி, மறுபடியும் குனிந்து நீட்டினார்.

லைட் படித்தது. முதல் வரியிலேயே நின்றது. பிறகு இதுவரை யாரும் கண்டிராத வெளிச்சத்தோடு எரிய ஆரம்பித்தது. புது சீட்டின் தையல்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"அப்பாடா!" என்று சொல்லி ஆவுடையப்பன் சீட்டிலேயே சாய்ந்துவிட்டார்.

அப்போது பிரமநாயகமும் அவர் அப்பாவும் பட்டு வேட்டியில் வந்து இறங்கினார்கள். வாசலில் அவர்களுக்கு ஆளுக்கொரு பத்திரிகை கொடுத்தார்கள். அப்பா படித்தார். பெரிய எழுத்தில், தங்க மையில், முதல் வரியிலேயே இருந்தது: திருநிறைச்செல்வன் ரூம் லைட். அதற்குக் கீழே திருநிறைச்செல்வி கோமதி. பிரமநாயகத்தின் பெயர் நல்வரவை நாடுவோர் வரிசையில், ஹார்னுக்கு அடுத்ததாக இருந்தது.

"அச்சுல வந்துட்டு" என்றார் அப்பா. "இனிமே மாத்த முடியாது."

பிரமநாயகம் தலையாட்டினார். ஹார்ன் எங்கே நிற்கிறது என்று விசாரித்து, அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

ஆறு மணிக்கு ஊர்வலம் புறப்பட்டது. பின்சீட்டில் மாலையை மட்டும் வைத்தார்கள். அந்தப் பாரத்துக்கே லைட் நன்றாக எரிந்தது. பிரமநாயகம் முன்னால் நடந்துபோய், வழியில் நின்றவர்களை ஒதுங்கச் சொன்னார். பதினைந்து வீடு கேட்டார்கள், இருபத்திரண்டு வீட்டார் பார்த்தார்கள். முகம் நல்ல பிரகாசம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மாடி ஜன்னலிலிருந்து கோமுவும் பார்த்தாள். ஆவுடையப்பன் மேலே ஏறிப்போய் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்.

"என்னால முடிஞ்சது இவ்வளவுதாம்மா."

"ஏண்ணே, முன்னால வந்த ரெண்டு பேரை விட இது எவ்வளவோ தேவல" என்றாள் கோமு. "பத்திரிகையப் படிச்சுப் பாத்துட்டுல்லா சம்மதிச்சிருக்கு."

அதைக் கேட்டதும் ஆவுடையப்பன் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு முழுதும் வராத நிம்மதி அப்போதுதான் வந்தது. காலை முகூர்த்தத்துக்கு ஆக வேண்டியதைக் கவனிக்கக் கீழே இறங்கினார். ஞானதுரை திரும்பி வந்த காரின் பக்கத்தில் உட்கார்ந்து, தாலிக் கயிற்று நீளத்துக்கு வெட்டிய மஞ்சள் ஒயர் ஒன்றின் இரண்டு நுனிகளையும் சீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். கோமக்கா ப்ளஸ் எர்த்தா, மைனஸ் எர்த்தா?"

ஆவுடையப்பன் யோசித்தார். அப்பா வழியில் எல்லோரும் ப்ளஸ். அம்மா வழியில் மைனஸ். எதற்கும் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கேட்காமல் முடிவு செய்தால் அத்தைக்குக் கோபம் வந்துவிடும்.