மாதம் அறுபது புகார்

“உங்க ஊர்ல மட்டும் டிவி ஏம்மா ரிப்பேரே ஆவறதில்ல?”

சென்னையிலிருந்து வந்திருந்த அருணாச்சலம் சார் என்னிடம் இதைக் கேட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. 2002ஆம் வருஷம், பிப்ரவரி. அப்பா கலசப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து டிவியைப் பார்க்கப் போயிருந்தார். அம்மா அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டால் வாய் திறக்காதவள் என்று எனக்கு ஊரில் பெயர். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வராமல், வராமல், கடைசியில் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் நின்றுவிட்டவள். அன்று பதில் சொன்னேன்.

எங்கள் வீட்டு முன்னறைதான் ஆரணியில் ஹருதா டிவியின் சர்வீஸ் சென்டர். ஹருதா ஜப்பான் கம்பெனி. அவர்கள் டிவி இந்தப் பக்கம் விற்க ஆரம்பித்த வருஷம் அப்பாவைச் சென்னைக்குக் கூப்பிட்டுப் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஜப்பான்காரர் ஒருவர் வந்து சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் ஆனதும் அவரே துடைப்பத்தை எடுத்து அறையைப் பெருக்கினாராம். அப்பா அதை ஊரில் சொல்லாத ஆள் இல்லை. பக்கத்துத் தெரு கிருஷ்ணம்மாள் அக்கா, “உங்க கம்பெனிக்காரன் பெருக்கறான். எங்கூட்டு ஆளுக்குத் தொடப்பம் எந்த மூலையில கீதுன்னே தெரியாது” என்றாள். ஆனால் சேலை நெய்த கூலியில் சேர்த்து வைத்து அவள் வாங்கியதும் ஹருதாதான். வீரபாகு அண்ணன், அதாவது என் அப்பா, சொன்னால் சரியாக இருக்கும் என்று வாங்கினாள். எங்கள் தெருப் பக்கம் பாதி வீடுகளில் அப்படி வாங்கியதுதான்.

டிவி நல்ல டிவிதான். ஆரணி மின்சாரம்தான் அதற்கு ஒத்துவரவில்லை. விசைத்தறி ஷெட்டுகள் காலையில் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் நூற்று நாற்பதுக்கு இறங்கிவிடும். மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நிற்கும்போது சட்டென்று எகிறும். அந்த நேரத்தில் டிவியின் உள்ளே பெரிய கண்டன்சர் வெடிக்கும். கம்பெனி கண்டன்சருக்கு எழுதிப்போட்டால் வந்து சேர மூன்று வாரம். வந்ததைப் போட்டால் இரண்டு மாதத்தில் மறுபடியும் வெடிக்கும். அப்பா ஒருநாள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிற வேறொரு கண்டன்சரை வாங்கிப் போட்டுப் பார்த்தார். உருவத்தில் கொஞ்சம் பெரியது, தாங்கும் சக்தி அதிகம். அந்த டிவி திரும்ப வரவில்லை. அதன்பின் வந்த எல்லா டிவிக்கும் அதையே போட்டார். வராத டிவிக்கும், துடைக்க வந்தேன் என்று வீட்டுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். ஈயம் வைத்துப் பற்றவைப்பதெல்லாம் நான்தான். என் விரல் மெலிதாக இருப்பதால் இடுக்கில் போகும்.

கம்பெனி பொருளைத் தவிர வேறு எதையும் போடக்கூடாது என்பது கம்பெனி சட்டம். வேலூர் ஆபீஸ் என்ஜினியர் குமரேசன் சார் மாதம் ஒருமுறை பைக்கில் வருவார். அவருக்கு இது தெரியும். தெரியும் என்ன, சென்னைக்கு மீட்டிங் போகும்போதெல்லாம் அவரே ரிச்சி தெருவில் ஒரு டஜன் வாங்கித் தன் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். “இது இன்னா, யாரு குடுத்தது, எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா” என்று மேஜையில் வைத்துவிட்டுச் சிரிப்பார். 1998இல் திரும்பத் திரும்பப் புகார் வராத சென்டர் என்று எங்களுக்குக் கம்பெனி பரிசு கொடுத்தது. அதை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

அப்புறம் கம்பெனிக்குக் கஷ்டம் வந்தது. கொரியாக்காரன் டிவி விலை குறைவு, பார்க்கவும் பளபளவென்று இருந்தது. ஜப்பானில் ஹருதாவுக்கு வரலாறு காணாத நஷ்டம் என்று பேப்பரில் வந்தது. கம்பெனித் தலைவரும் கூட நான்கு பேரும் மேஜைக்கு முன்னால் வரிசையாக நின்று தலை குனிந்து மன்னிப்புக் கேட்கிற படம் போட்டிருந்தார்கள். ஐம்பது வருஷமாக யாரையும் வீட்டுக்கு அனுப்பாத கம்பெனி, பன்னிரண்டாயிரம் பேரை அனுப்புகிறது என்று கீழே எழுதியிருந்தது. அப்பா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்ளோ பெரிய மனுசன் குனியறாரு பாரு” என்றார். அவருக்கு அந்தத் தலைவர் மேல்தான் இரக்கமாக இருந்தது. அந்த நஷ்டம் ஆரணி வரைக்கும் வரும் என்று அவர் நினைக்கவில்லை.

வந்தது. ஜனவரியில் குமரேசன் சார் ஒரு சுற்றறிக்கையோடு வந்தார். புதிய தலைவர் போட்ட சீரமைப்புத் திட்டம். அதில் எங்களுக்கு ஒரே ஒரு வரி. மாதம் அறுபது புகாருக்குக் குறைவாக வருகிற சர்வீஸ் சென்டர்களை மூடிப் பெரிய ஊரோடு சேர்த்துவிட வேண்டும். எங்களுக்கு மாதம் இருபது வந்தால் அதிகம். அந்தக் கண்டன்சர் போட ஆரம்பித்த பிறகு அவ்வளவுதான்.

குமரேசன் சார் சுற்றி வளைக்காமல் சொன்னார், வராத புகாருக்கு இன்னும் நாற்பது ஜாப் கார்டு எழுதிப்போடச் சொல்லி. போளூரில், மற்ற ஊர்களில் எல்லாம் எழுதுகிறார்களாம். செய்தி தெரிந்து தெருவில் ஆளாளுக்கு உதவ வந்தார்கள். கிருஷ்ணம்மாள் அக்கா, “எம்பேர்ல நாலு எழுதிக்கண்ணே. படம் குதிக்குது, சத்தம் வரல, மூஞ்சி பச்சையா தெரியுது, இன்னா வேணா எழுதிக்க” என்றாள். எழுத வேண்டியவள் நான். கார்டு கட்டை எடுத்துவைத்துப் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்பா கட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

“கெட்டுப்போவாத பொட்டிய கெட்டுப்போச்சுன்னு எழுதறதா?” என்றார் குமரேசன் சாரிடம். “நல்லா கீதுன்னுதான சார் பரிசு குடுத்தாங்க. சொன்னா புரிஞ்சுப்பாங்க.”

குமரேசன் சார் அம்மா பக்கம் திரும்பினார். வேலூர் ஆபீஸில் ஏழு என்ஜினியர் இருந்த இடத்தில் இப்போது இரண்டு பேர் என்றும், ஏப்ரலுக்குப் பின் ஒருவர்தான் என்றும் அம்மாவிடம் சொன்னார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூத்தது அந்த வருஷம்தான் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தது.

அடுத்த மாதம், எந்த சென்டரை மூடுவது என்று பார்க்கச் சென்னை ஆபீஸிலிருந்து, குமரேசன் சாரையும் கூட்டிக்கொண்டு அருணாச்சலம் சார் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. களைத்துப் போயிருந்தார். மடியில் வைத்திருந்த பட்டியலில் இருபத்தாறு ஊர் இருந்தது. எங்களுடையது பதினொன்றாவது. எங்கள் ஜாப் கார்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் குனிந்தபடி நின்றேன். அவரே பதிலையும் சொன்னார்.

“ரெண்டாயிரம் டிவி வித்திருக்கிற ஊரு. மாசம் இருபது கம்ப்ளைண்ட். மீதி எங்க போவுது? உங்கப்பா கார்டு போடாம வெளியில பார்த்து காசு வாங்கிக்கிறாரு. அதானம்மா?”

அவர் குரலை உயர்த்தவில்லை. எத்தனையோ ஊரில் பார்த்ததை இங்கேயும் பார்ப்பது போலச் சொன்னார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. குமரேசன் சார் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். நான் மேஜைக்குப் போய், திறந்து வைத்திருந்த ஒரு டிவியை அருணாச்சலம் சார் பக்கம் திருப்பினேன்.

“அப்பா திருடல சார். இதாலதான்.”

கண்டன்சரைக் காட்டினேன். விசைத்தறி நிற்கிற நேரம், வோல்டேஜ் ஏறுவது, பழையது எப்படி வெடிக்கும், இது ஏன் வெடிக்காது, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு வெளி ஆளிடம் அவ்வளவு பேசியது அதுதான். அம்மா டீயோடு கதவருகில் வந்து நின்றுவிட்டாள். அருணாச்சலம் சார் எழுந்துவந்து குனிந்து பார்த்தார்.

“நல்லா சொன்னம்மா. இத கம்பெனியே பண்ணியிருக்கணும்” என்றார். நிஜமாகவே சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு பேனாவை எடுத்தார்.

“இது நம்ம பார்ட் இல்லயே?”

“இல்ல சார்.”

“எத்தன டிவில போட்டிருக்கீங்க?”

“எல்லாத்துலயும் சார்.”

எழுதிக்கொண்டார். எழுதும்போதுதான் எனக்குப் புரிந்தது. பேச்சை நிறுத்தினேன், ஆனால் அவர் கேட்க வேண்டியதெல்லாம் முடிந்திருந்தது. தலையைத் தூக்காமலே, “குமரேசன், இது உங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

குமரேசன் சார் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான். “தெரியாது சார்” என்றார்.

அவர் கால் பக்கத்தில் அந்தப் பை இருந்தது. போன மாதம் கூட அதிலிருந்துதான் ஒரு டஜன் எடுத்துக் கொடுத்தார். வேலூர் ஆபீஸுக்குத் தெரிந்துதான் நடந்தது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா மேல் மட்டும் பழி விழுந்திருக்காது. அவரையும் விசாரித்திருப்பார்கள், எங்களுக்கு ஒரு எச்சரிக்கையோடு போயிருக்கலாம். அவ்வளவு பேசிய எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. வகுப்பில் எழுந்து நின்றது போலவே நின்றுகொண்டிருந்தேன். அம்மா கொண்டுவந்த டீயை இரண்டு பேரும் குடித்துவிட்டுப் போனார்கள்.

அப்பா சாயங்காலம் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. கை கால் கழுவிக்கொண்டு வந்து, “குமரேசன் சார் இன்னா சொன்னாரு?” என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று சொன்னார் என்றேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பின்னும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

அம்மா விடவில்லை. சென்னைக்கு எழுது, அந்த ஆள்தான் வாங்கியாந்து குடுத்தாருன்னு எழுது என்று என்னை உட்காரவைத்தாள். எழுதினேன். எந்தெந்த மாதம், எத்தனை டஜன், எல்லாம் எனக்கு நினைவிருந்தது. ஒன்றரைப் பக்கம் வந்தது. அப்பா அதை இரண்டு முறை படித்தார்.

“இத அனுப்பினா அவரு வேல போயிடும்டி” என்றார் அம்மாவிடம்.

“அனுப்பலன்னா நம்ம வேல போயிடும். உனுக்கு ஊரான் பொழப்புதான் பெருசு.”

“நமக்குக் கையில தொழில் கீது. அவருக்கு அந்த ஆபீஸ் மட்டும்தான கீது.”

அப்பா கையெழுத்துப் போடவில்லை. கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். நானாவது அதை அனுப்பியிருக்கலாம். தபால் ஆபீஸ் எங்கள் தெருமுனையில்தான்.

மார்ச் கடைசியில் கம்பெனியிலிருந்து தபால் வந்தது. விதி மீறியதால் ஆரணி சென்டர் ரத்து. இனிமேல் வேலூரில் பார்த்துக்கொள்ளவும்.

கையில் இருந்த தொழில் அதிக நாள் தாங்கவில்லை. புது டிவி வாங்குகிறவர்கள் அந்தந்தக் கம்பெனி ஆளைக் கூப்பிட்டார்கள். அப்பா இப்போது தினமும் காலையில் கண்ணமங்கலம் வழி பஸ்ஸில் வேலூருக்குப் போய் ஒரு பெரிய கடையில் வேலை பார்க்கிறார். அங்கே எதையும் பற்றவைப்பதில்லை. கெட்டுப்போன பலகையைக் கழற்றிவிட்டு வேறு பலகை மாட்டுகிறார்கள். குமரேசன் சாருக்கும் அடுத்த வருஷமே வேலை போய்விட்டது என்று அந்தக் கடையில்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. ஜப்பானில் ஹருதா டிவி செய்கிற பகுதியையே வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்களாம். வேலூர் ஆபீஸை மூடிவிட்டார்களாம். அப்பா இதை எங்களிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

ஆனால் அது பிறகு. தபால் வந்த வாரமே, வாசலில் மாட்டியிருந்த போர்டையும் கம்பெனி கொடுத்த மீட்டர்களையும் எடுத்துப்போகக் குமரேசன் சார் வந்தார். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். அவரே வந்தார். அப்பா நாற்காலி போட்டார். ஸ்டூல் மேல் ஏறி அப்பாவே போர்டைக் கழற்றி, துணியால் துடைத்துக் கொடுத்தார். மீட்டர்களை நான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பட்டியலில் டிக் போட்டுக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“வீரபாகு, சென்னைக்கு லெட்டர் எதாவது போட்டீங்களா?”

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். அப்பா அவளைப் பார்த்தார்.

“இல்ல சார்” என்றார்.

குமரேசன் சார் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இன்னும் மூன்று பொருள் பாக்கி இருந்தது. எதையும் சரிபார்க்காமல் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டு அப்பாவிடம் நீட்டினார். அப்பா கையெழுத்துப் போட்டார். “டீ குடிச்சிட்டுப் போங்க சார், வெயிலா கீது” என்றார். அம்மா அடுப்படிக்குப் போகவில்லை, நின்ற இடத்திலேயே நின்றாள். நான் எழுந்து போய் டீ போட்டேன்.

கொண்டுவந்து கொடுத்தபோது டம்ளரை வாங்க நிமிர்ந்தார். என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தது போல இருந்தது. எனக்கும் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதை எழுதி வைத்திருந்தேனே தவிர, அவர் முகத்துக்கு நேராக எனக்கு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. டம்ளரை வாங்கிக் குடிக்காமல் தரையில் வைத்தார். போர்டை பைக்கின் பின்னால் வைத்துக் கயிற்றால் கட்டினார். அப்பா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். முடிச்சு இறுகியதும் குமரேசன் சார் பைக்கை உதைத்தார், அப்பாவின் கை இன்னும் கயிற்றில் இருந்தது. அப்பா கையை எடுத்தார். பைக் தெருமுனையில் தபால் ஆபீஸைத் தாண்டிப் போனது.