மேசைக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

மெடெயின் நகரில் ஒரு ஸ்டுடியோவில் முப்பது வருடம் பாட்டுப் பதிவு செய்தவர் எவாரிஸ்டோ. கடும் காய்ச்சலில் கிடந்து எழுந்தபின், இனி வீட்டு மேசையிலேயே வேலை பார்க்கலாமென்று மனைவி மார்லெனியோடு உயர்ரக ஸ்பீக்கர் வாங்கப் போனார்.

கடைக்காரர் ஃபாபியோ ஒரே ஆம்ப்ளிஃபயரில் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி இணைத்து, எவாரிஸ்டோ பதிவு செய்த பாட்டையே போட்டார்.

“ரெண்டாவதுல டிரம்ஸோட அந்த சிம்பல் தட்டு எப்படிக் கணீர்னு விழுது பாத்தீங்களா, வாத்தியாரே?”

“எந்த சிம்பல்?”

“நல்லா கிண்டல் பண்றீங்க!” ஃபாபியோ சிரித்தார். மார்லெனி சிரிக்கவில்லை. அவளுக்கு அது தெளிவாகக் கேட்டது.

எவாரிஸ்டோ ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தார். இரண்டு ஜோடிகளையும் மறுபடி மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டார்.

“நிறுத்துப்பா. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

வாசலுக்கு வந்ததும் ஸ்டுடியோவுக்குப் போன் செய்து, ஒப்புக்கொண்ட பாட்டுகளை வேறு ஆளிடம் கொடுத்துவிடச் சொன்னார்.