ஆறு ஜூல்

நான் தையல்காரி. காலை எட்டு மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகும்வரை எழுந்திருக்க மாட்டேன். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து நான் பெற்ற மகள் சொல்கிறாள்: "இன்னிக்கு நீ ஒரு வேலையும் செய்யலம்மா."

இயற்பியலில் இரண்டு முறை கோட்டை விட்டவள். மறுநாள் காலை மறுதேர்வு. இதிலும் தவறினால் அதே வகுப்பில் இன்னொரு வருடம். பயமெல்லாம் எனக்குத்தான். அவளோ புத்தகத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். வேலை என்றால் விசை பெருக்கல் இடப்பெயர்ச்சியாம்.

"நீ உக்காந்த இடத்தைவிட்டு நகரவே இல்ல. இடப்பெயர்ச்சி ஜீரோ. அப்ப வேலையும் ஜீரோ."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சரிதான். உன் யூனிஃபார்ம்ல கை பிரிஞ்சு தொங்குது. அதை உன் சமன்பாடே தைக்கட்டும்," என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

சோபாவில் படுத்திருந்த என் வீட்டுக்காரர், "அப்ப என் கணக்கு எவ்வளவு?" என்றார்.

கெஞ்சினாள், கொஞ்சினாள், நான் மசியவில்லை. வேறு வழியில்லாமல் பாடத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். படித்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நகர வேண்டியது நீ இல்லம்மா, நீ தள்ற பொருள். துணி நகருதுல்ல?"

அளவுநாடாவை எடுத்து ஒரு சட்டையின் தையலை அளந்தாள். மூன்று மீட்டர். விசை இரண்டு நியூட்டன் என்று வைத்துக்கொண்டாள்.

"ஒரு சட்டைக்கு ஆறு ஜூல்."

"என் முதுகு ஒடிஞ்சதுக்கு?"

"அதுக்குச் சமன்பாடு இல்லம்மா."

இருந்தாலும் மனசு குளிர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் என் வேலையை யாரும் அளந்து பார்த்ததில்லை. யூனிஃபார்மின் கையைத் தைத்துக் கொடுத்தேன்.

தேர்வில் கேட்டிருந்தார்கள்: ஒருவர் சுவரைத் தள்ளுகிறார், சுவர் நகரவில்லை, அவர் செய்த வேலை எவ்வளவு? இவள் எழுதியது: "சுழி. ஆனால் அவருக்கு முதுகு வலிக்கும்." அந்தக் கேள்விக்குக் கிடைத்த இரண்டு மதிப்பெண்ணில்தான் கரையேறினாள். இரண்டாவது வரியை மட்டும் டீச்சர் சிவப்பு மையால் அடித்து, "தேவையில்லை" என்று எழுதியிருந்தார்.

தேவையில்லையாம்.

அந்த டீச்சர் என்னிடம் சட்டைத்துணி கொடுத்து ஒரு வாரமாகிறது. நேற்று வந்து, "தைச்சாச்சா?" என்று கேட்டார்.

"துணி இன்னும் இடத்தைவிட்டு நகரல டீச்சர்," என்றேன். "வேலை ஜீரோ."