வாங்க மறுத்தார்

"ஒரு முடிச்சுப் போதும்ணே," என்றான் பக்கத்து வீட்டு சோணைமுத்து.

ஊர்க்காவலன் காதில் வாங்கவில்லை. வெள்ளைத் துணியில் கிழித்த நாடாவால் சோலைச்சாமியின் இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டினார். மூன்றாவது முடிச்சையும் போட்டு, குனிந்து பல்லால் கடித்து இறுக்கினார். கால் பெருவிரல்களுக்கு ஒரு முடிச்சுதான். கைக்கு மூன்று.

"செத்தவுகளுக்கு வலிக்கவா போகுது? கிடக்கட்டும்லே," என்றார் கடைசியில்.

பிணத்துக்குக் கைகால் கட்டுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். குழியில் இறக்குமுன் அவிழ்த்துவிடுவார்கள். ஆனால் ஊர்க்காவலன் கட்டியது அந்தக் கட்டு இல்லை. அவர் அறிய, விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவில் செத்த பிறகு பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் தோட்டத்தை எழுதிக்கொடுத்தார், ஒருத்தி வீட்டை எழுதிக்கொடுத்தாள். உயிரோடு இருந்தவரை ஒரு வெற்றிலைக் காம்பைக்கூட அடுத்தவருக்குக் கொடுக்காத ஆட்கள். செத்ததும் அந்தத் தாராளம் எங்கிருந்துதான் வந்ததோ.

சோலைச்சாமி அவருடைய தங்கை புருஷன். தங்கை தங்கத்தாய் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலை ஆறரை மணிக்கு ஊர்க்காவலன் ஆமத்தூர் வந்து இந்த வாசலில் ஏறியபோது, 'இப்பயாவது வந்தியே' என்று கேட்டுவிடுவாள் என்ற பயத்தோடுதான் ஏறினார். அவள் கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, உட்கார இடம் விட்டாள். கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

இரண்டு மாதம் ஆகப்போகிறது அவர் இந்த வாசலை மிதித்து. மச்சான் மஞ்சள்காமாலையில் படுத்து, விருதுநகர் ஆஸ்பத்திரியில் கிடந்து, இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பியபோதும் வரவில்லை. காரணம் ஒரு ரிஜிஸ்டர் தபால்.

ஆடி கடைசி வெள்ளி. தெருவில் பாதிப் பேர் இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தார்கள். போஸ்ட்மேன் வந்து, "உங்க மச்சான் அனுப்பியிருக்காரு, வக்கீல் மூலமா" என்று ஒரு கவரை நீட்டினார். ஊர்க்காவலன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். கையெழுத்துப் போட்டு வாங்கிய காகிதம் எதுவும் அவருக்கு இதுவரை நல்லது செய்ததில்லை.

"வேண்டாம், கொண்டுபோங்க."

போஸ்ட்மேன் கவரின் மேல் என்னவோ கிறுக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலமே ஊர்க்காவலன் வீட்டில் சொல்லிவிட்டார்: "தங்கச்சி புருசன் என் மேல கேஸ் போட்டுட்டான். இனி அந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிச்சா நான் மனுசன் இல்ல."

என்ன கேஸ், எதற்குக் கேஸ் என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கம்பெனி விவகாரமாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். அது சரிதான். மற்றதெல்லாம்தான் தப்பு.

கம்பெனி விவகாரம் தொண்ணூற்றேழில் தொடங்கியது. மச்சானும், அவர் மாப்பிள்ளை என்று கூப்பிடும் ஊர்க்காவலனும் நாரணாபுரம் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை பார்த்தார்கள். முதலாளி ஒருநாள் இருவரையும் ஆபீசுக்குள் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "இனிமே நீங்க ரெண்டு பேருதான் பார்ட்னர்" என்று ஒரு பத்திரத்தை எடுத்து வைத்தார். ஊர்க்காவலன் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். சோலைச்சாமி கைநாட்டு. பார்ட்னர் என்றால் லாபத்தில் பங்கு என்று நினைத்து, சாத்தூர்ச் சேவு வாங்கித் தெருவுக்கே கொடுத்தார்கள்.

லாபமும் வரவில்லை, சம்பளமும் ஏறவில்லை. அடுத்த வருஷம் வேறொரு கம்பெனியில் வெடித்து ஆறு பேர் செத்தபோதுதான் விளங்கியது. போலீஸ் வந்து, பத்திரத்தில் யார் பேர் இருந்ததோ அவனைப் பிடித்துக்கொண்டு போனது. அவனும் மருந்து கலக்கிறவன்தான். அந்தக் கம்பெனி முதலாளி அன்றைக்கு ஊட்டியில் இருந்தார்.

அன்றிலிருந்து எங்காவது 'டம்' என்று கேட்டால் ஊர்க்காவலன் எழுந்து நின்று, எந்தப் பக்கம் புகை ஏறுகிறது என்று பார்ப்பார். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவார். கல்குவாரியாக இருக்கும், கல்யாண வெடியாக இருக்கும். பார்த்து உறுதி செய்த பிறகுதான் உட்காருவார். வேலையை விட்டு நின்ற பிறகும் பேர் மட்டும் பத்திரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. பேரை எடுத்துவிடுங்கள் என்று இருவரும் போய்க் கேட்டார்கள். "சீசன் முடியட்டும்" என்றார் முதலாளி. சிவகாசியில் சீசன் என்றைக்கு முடிந்தது?

ஒருமுறை சோலைச்சாமி எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்தார். "மாப்ளே, பார்ட்னர் ரெண்டே பேருன்னா, ஒருத்தன் செத்தா கம்பெனி தானாக் கலைஞ்சிருமாம். சட்டம் அப்படியாம். நீ முந்துறியா, நான் முந்தவா?"

அன்றைக்கு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதனால்தான் இன்று விடியுமுன் சோணைமுத்து சைக்கிளில் வந்து சாவு சொன்னபோது, ஊர்க்காவலன் நெஞ்சுக்குள் முதலில் வந்தது அழுகை இல்லை. 'அப்பாடா' என்று ஒன்று வந்தது. அதை எச்சிலோடு சேர்த்து விழுங்கப் பார்த்தார். இறங்கவில்லை. மூன்றாவது முடிச்சைப் போடும்போதும் அது தொண்டையில்தான் நின்றது.

பத்து மணி வாக்கில் கம்பெனி மேனேஜர் விக்னேஷ்வரன் பைக்கில் வந்தான். கையில் ரோஜா மாலை, தோளில் தோல்பை. மாலையைப் போட்டான், கும்பிட்டான், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான். துடைத்த கண் நேராகப் போய்க் கட்டிய விரல்களில் நின்றதை ஊர்க்காவலன் பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம்."

தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். பையிலிருந்து ஒரு பத்திரத்தை உருவினான். பையின் அடியில் மைப்பெட்டி கிடந்தது.

"எல்லாம் முதலாளி பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாக. பந்தல், மேளம், அம்புட்டும். நீங்க ஒண்ணும் கவலப்படாதீக."

"நான் கவலப்படலை. அது என்ன கையில?"

"பழைய பத்திரந்தான் அண்ணாச்சி, புதுசா எழுதியிருக்கு. மூணாவதா ஒரு பார்ட்னர் சேக்குறோம். உங்க தங்கச்சி பேரு. போன மாசத் தேதி போட்டிருக்கு."

"போன மாசம் என் மச்சான் ஆஸ்பத்திரியில கிடந்தாக."

"அதான் நல்லதாப் போச்சு. படுக்கையில வச்சுக் கைநாட்டு வாங்குனோம்னு சொல்லிக்கிடலாம். நீங்க அந்த முடிச்ச ஒரு ரெண்டு நிமிசம்..."

"அவ பேரு எதுக்கு?"

"ரெண்டு பேருல ஒருத்தர் போனா கம்பெனி கலைஞ்சதா ஆயிரும். மூணு பேருன்னா, மிச்ச ரெண்டு பேரு தொடர்ந்து நடத்தலாம்னு எழுதிக்கிடலாம். எழுதியிருக்கு. தீவாளிக்கு மூணு வாரந்தான் கிடக்கு அண்ணாச்சி. வடக்க லோடு போகணும். லைசென்சு நின்னா நூத்தம்பது பேரு பொளப்பு நின்னுரும். யோசிங்க."

ஊர்க்காவலன் யோசித்தார். அந்த நூற்றைம்பது பேரில் பாதிப் பேர் முகம் அவருக்குத் தெரியும். பிறகு, எங்கோ 'டம்' என்று கேட்டுத் தங்கத்தாய் சோற்றுக் கையோடு எழுந்து நிற்பதை யோசித்தார்.

"மாட்டேன்."

விக்னேஷ்வரன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஊர்க்காவலனுக்குத் தைரியம் வந்திருக்கும். அவன் பத்திரத்தை நாலாக மடித்தான்.

"சரி. மாட்டேன்னா மாட்டேந்தான். ஆனா குடோன்ல சரக்கு கிடக்கு. இன்னைக்குச் சாயந்தரம் அங்கன ஒரு பொறி விழுந்துச்சுன்னு வைங்க. போலீசு யாரத் தேடும்? செத்தவரையா? உசுரோட இருக்குற பார்ட்னர் நீங்க ஒருத்தர்தான்."

தொண்டையில் நின்ற 'அப்பாடா' அங்கேயே காய்ந்துபோனது. சட்டத்தில் கலைந்தது சரி, அது குடோனில் கிடக்கிற மருந்துக்குத் தெரியுமா? ஊர்க்காவலன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். 'ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலை' என்று உள்ளுக்குள் ஒரு குரல். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டதும் இதே குரல்தான்.

"தம்பி, இது உங்க ஆபீசு சீல்தானே?"

தங்கத்தாய் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. ஒரு கையில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் வைக்கும் மஞ்சள் பை, மறு கையில் ஒரு தபால் அட்டை. தபால் சேர்ந்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியவருக்கே திரும்பி வருகிற அட்டை. விக்னேஷ்வரன் பார்த்தான். கம்பெனி சீல் இருந்தது. சீலுக்கு மேல் அவனுடைய கையெழுத்தே இருந்தது.

"ஆடி மாசமே கம்பெனியக் கலைச்சாச்சுன்னு அவுக நோட்டீசு விட்டுட்டாக. சாத்தூர் கோர்ட்டுல பாண்டிலட்சுமின்னு ஒரு வக்கீலம்மா எழுதிக் குடுத்துச்சு. வாயால சொன்னா செல்லாதாம், எழுதிக் குடுத்தா ஒரு பார்ட்னரே கலைச்சிரலாமாம். உங்களுக்கு ஒண்ணு, லைசென்சு ஆபீசுக்கு ஒண்ணு. ஆடியில கலைஞ்ச கம்பெனிக்கு ஆவணித் தேதியில எப்படித் தம்பி ஆள் சேப்பீக?"

மேனேஜர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது.

"அக்கா, எங்களுக்கு வந்தா மட்டும் பத்தாது. இன்னொரு பார்ட்னர் கையில நோட்டீசு சேந்திருக்கணும். அதான் சட்டம்." ஊர்க்காவலன் பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, நீங்க வாங்குனீகளா?"

ஊர்க்காவலனுக்கு அந்த ஆடி வெள்ளியில் பின்னால் கட்டிக்கொண்ட இரண்டு கைகளும் ஞாபகம் வந்தன.

தங்கத்தாய் மஞ்சள் பைக்குள் கைவிட்டு ஒரு கவரை எடுத்தாள். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. மேலே ஊர்க்காவலன் பேர், விலாசம். அதற்குக் குறுக்கே போஸ்ட்மேன் கிறுக்கியதை அவர் எழுத்துக்கூட்டினார். வாங்க மறுத்தார்.

"இவன் வாங்க மாட்டான்னு அவுகளுக்குத் தெரியும். வக்கீலம்மாகிட்டயே கேட்டாக, எங்க மாப்ள ரிஜிஸ்டர் தபாலக் கண்டா பாம்பக் கண்ட மாதிரி ஓடுவான், என்னம்மா செய்யன்னு. அந்தம்மா சொல்லிச்சு, வீடு தேடிப் போன தபால வேண்டாம்னு திருப்புனாலும் அது சேந்த கணக்குத்தானாம். கவரப் பிரிக்காம வைங்க, கோர்ட்டு கேட்டா அப்படியே குடுங்கன்னுச்சு. வச்சிருக்கேன்." மூச்சு வாங்கினாள். "குடோன்ல கிடக்குற சரக்கு யாரு சரக்கோ, அவுகளப் போயி பயமுறுத்துங்க தம்பி. இங்கன சாவு கிடக்கு."

விக்னேஷ்வரன் செல்லை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தான். பேசினான், பலமுறை தலையாட்டினான். சொல்லிக்கொள்ளாமல் பைக்கை உதைத்தான்.

"சார், மேளத்துக்குச் சொல்லியாச்சா?" என்று சோணைமுத்து பின்னாலேயே ஓடிக் கத்தினான். பைக் நிற்கவில்லை.

தொட்டிக்கரையில் அண்ணனும் தங்கையும் நின்றார்கள். குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"ஒரு வார்த்த சொல்லி விட்டிருக்கலாம்ல?"

"ரெண்டு தடவ ஆள் விட்டேன். கோர்ட்டுல பாத்துக்கிறேன்னு சொல்லி அனுப்புன."

அனுப்பியதுதான். இரண்டாவது தடவை அதற்கு மேலும் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினார்.

"மச்சான் என்ன சொன்னாக?"

"சிரிச்சாக. மாட்டேன்னு சொல்லியே தப்பிச்சவன் இந்த ஊருலகத்துல உங்க அண்ணன் ஒருத்தன்தான்னாக." கவரை அவர் கையில் வைத்தாள். "அப்புறம் வாசலப் பாத்தாப்லயே கிடந்தாக."

அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். ஊர்க்காவலன் ஆடி கடைசி வெள்ளியிலிருந்து விரலை மடக்கி எண்ணினார். பத்து விரலும் திரும்பத் திரும்ப மடங்கின. அப்படியானால் காலையில் வந்த அந்த 'அப்பாடா' இன்றைய தேதியுடையது இல்லை. ஆடியிலேயே வந்து, கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருந்தது.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். மேளம் இல்லை, ஒரு சரவெடி மட்டும். குழிமேட்டில் இறக்கி வைத்து, கட்டை அவிழ்க்கச் சொன்னார்கள். கால் முடிச்சு தொட்டதும் அவிழ்ந்தது. கை முடிச்சுகள் மூன்றும் ஈரத்தில் இறுகிப்போயிருந்தன.

"பிளேடு தரவாண்ணே?" என்றான் சோணைமுத்து.

"வேண்டாம்."

"எதுக்குத்தான் மூணு முடிச்சுப் போட்டீகளோ."

ஊர்க்காவலன் மண்ணில் உட்கார்ந்து, நகத்தால் நெம்பி நெம்பி ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வெயிலில் கூட்டம் பொறுத்துக்கொண்டு நின்றது. துணி கழன்றதும் மச்சானின் வலது கட்டைவிரல் தெரிந்தது. மை இல்லை. நகத்தின் ஓரத்தில் மட்டும் பழைய மருந்துக் கறை, எந்தச் சோப்புக்கும் போகாதது, வெள்ளியாக மினுங்கியது. வேட்டி நுனியால் அதை ஒருமுறை துடைத்தார். கையை மார்பிலிருந்து எடுத்து, பக்கத்தில் நீட்டி வைத்தார்.

எல்லாம் முடிந்து, பம்புசெட்டில் குளிக்க நின்றார்கள். ஊர்க்காவலன் தண்ணீர் தெறிக்காத கல்லாகப் பார்த்து, சட்டையை விரித்து, அதன் மேல் கவரை வைத்து, அது பறக்காமலிருக்க ஒரு சின்னக் கல்லையும் வைத்தார்.

"பிரிச்சுப் பாக்கலையாண்ணே?"

"பிரிக்கக் கூடாதாம்லே."

குழாய்க்கு அடியில் போய்த் தலையைக் கொடுத்தார். தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. அப்போது எங்கோ தொலைவில் 'டம்' என்று ஒரு சத்தம் கேட்டது. நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சோணைமுத்து வரப்பில் ஏறி நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "குவாரிதான், வேற ஒண்ணுமில்ல" என்றான்.

ஊர்க்காவலன் கண்ணை மூடிக்கொண்டு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.