கூரைமேல் நெத்திலி

எங்கள் குப்பத்து மகளிர் குழுவின் ஃபிரீசர் கொட்டகைக் கூரையில் இருக்கும் சோலார் தகடுகளால் ஓடுகிறது; ராத்திரிக்கு அவை நிரப்பிய பேட்டரி. பொறுப்பு என்னுடையது. அன்று அதற்குள் பழவேற்காடு பரக்கத் பீவி மகள் கல்யாணத்துக்கான இறால் இருந்தது. மறுநாள் பிரியாணி. என்னை நம்பி அந்த அம்மாள் வேறு யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.

காலையில் திறந்தால் ஃபிரீசர் செத்துக் கிடக்கிறது. இறால் ஓரமெல்லாம் உருக ஆரம்பித்திருந்தது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். தகடு முழுக்க நெத்திலி! என் நாத்தனார் பவுனம்மாள் இரண்டு நாளாகக் காய வைத்திருக்கிறாள். மணல் ஒட்டாது, நாய் ஏறாது, அடியிலும் சூடு. வேறென்ன வேண்டும் அந்த மகராசிக்கு?

வந்த ஆத்திரத்தில் அத்தனையையும் வாரிக் கீழே மணலில் கொட்டினேன். ஓடி வந்தவள் சண்டை பிடிக்கவில்லை. சூட்டில்தான் கரண்ட் வருகிறதென்று தம்பி சொன்னானே என்றாள்.

தம்பி என்றால் என் வீட்டுக்காரர் சிவசங்கர். ராஜஸ்தானில் கண்ணாடி வைத்துக் கரண்ட் எடுக்கும் இடத்தில் வேலை. கண்ணாடிகள் வெயிலைக் குழாய்மேல் குவிக்கும், உள்ளே ஓடும் எண்ணெய் சூடேறும், அந்தச் சூட்டில் தண்ணீர் ஆவியாகிச் சக்கரத்தைச் சுழற்றும். ஒவ்வொரு போனிலும் இதே புராணம். அக்காளுக்கு அது மனப்பாடம். தகடுதான் கொதிக்கிறதே, மேலே மீன் கிடந்தால் என்ன என்று நினைத்துவிட்டாள்.

போன் போட்டேன். மனுஷன் முழுக் கதையையும் கேட்டார்.

“அது வேற, இது வேற அம்பிகா. இங்க சூட்ட புடிக்கிறோம். அங்க தகடு வெளிச்சத்த புடிக்குது. மூடி வச்சா எப்டி கரண்ட் வரும்?”

இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா?

உருகியதை மறுபடி உறைய வைத்தால் இறால் வீணாகிவிடும். பீவிக்குப் போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னேன். ஐஸில் போட்டு உடனே எடுத்து வரச் சொன்னார். ஆட்டோவில் பவுனம்மாளும் ஏறிக்கொண்டாள். பீவி ஓர் இறாலை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. இப்பவே உரிச்சி, மசாலா போட்டு எங்கூட்டு ஃபிரிஜ்ல வச்சிடலாம். உக்காருங்க.”

பொழுது சாயும்வரை பவுனம்மாள் தலை நிமிராமல் உரித்தாள். திரும்பி வந்தபோது மணலில் நாயும் காக்கையும் விட்டுப்போன தலைகள்தான் கிடந்தன. அவளுடைய ஒரு வாரப் பிழைப்பு அது. கொட்டியது என் கை. அதைப் பார்த்தவள் உள்ளே போய் ஃபிரீசரில் காதை வைத்தாள்.

“ஓடுது அம்பிகா,” என்றாள்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லாமல்.